ஐந்து பிட்டுக்குள் அடங்காத செங்காய்

ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி மலர்க்குழுவினர் கேட்டபோது, "கவிதையா, சிறுகதையா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டும் எனக்கு வராது. என் இறுதியாண்டுத் திட்டப்பணியைப் பற்றி எழுதட்டுமா என்றேன். "கணினியா? யார் படிப்பார்கள்?" என்று ஒரு தோழி சிரித்தாள். செம்பனையும் அதில் வரும், என் அப்பாவும் வருவார் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். ஆகவே வாசகர்களே, தொடக்கத்தில் கொஞ்சம் எண்கள் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினித் திரையில் தெரியும் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் கலவை. இன்று நம் கைப்பேசிகளில் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் 8 பிட் ஒதுக்குகிறார்கள். 8 பிட் என்றால் 256 படிகள். 256ஐ மூன்று முறை பெருக்கினால் 16,777,216 நிறங்கள். இது தாராளமான கணக்கு. இடம் குறைவாக இருக்கும் கருவிகளில் இவ்வளவு தாராளம் முடியாது. அங்கே ஒரு படப்புள்ளிக்கு மொத்தமே 16 பிட்தான் கிடைக்கும். பதினாறை மூன்றாகப் பிரித்தால் மீதி ஒன்று வருகிறதல்லவா? அந்த ஒன்றைப் பச்சைக்குக் கொடுத்துவிட்டார்கள். சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. இதற்குப் பெயர் ஆர்.ஜி.பி. 565. மொத்தம் 65,536 நிறங்கள்.

பச்சைக்கு ஏன் இந்தச் சலுகை? மனிதக் கண்ணுக்குப் பச்சையில்தான் கூர்மை அதிகம். வெளிச்சத்தை நாம் உணர்வதில் பச்சைக்கு ஏறக்குறைய 59 விழுக்காடு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று பழைய தொலைக்காட்சித் தரத்திலேயே கணக்கு இருக்கிறது. கேமராவுக்குள்ளும் இதே கதைதான். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பில், ஒரு சிவப்புக்கும் ஒரு நீலத்துக்கும் இரண்டு பச்சைக் கட்டங்கள். தமிழ்ப்பள்ளியில் நான் வைத்திருந்த பன்ச்சோ வண்ணப்பெட்டியும் அப்படித்தான். பன்னிரண்டு குச்சிகளில் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. எந்தப் படம் வரையச் சொன்னாலும் முதலில் தேய்ந்து தீர்வது பச்சைதானே!

எங்கள் தோட்டம் ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. 2007இல் பெயர் மாறிய பிறகும் எங்கள் வீட்டில் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்தப் பக்கம் இருக்கும் தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்டது. போட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு 'மலேசி' என்ற நாவலை எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரேதான். என் பாட்டி காலத்தில் எங்கள் தோட்டத்தில் பால்மரம்தான் இருந்தது. பாட்டி புகைக்கூண்டில் வேலை செய்தவர். ரப்பர்த் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இது ஒன்றாம் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிப்பாராம். கருவி எதுவும் கிடையாது. கண்தான்.

அப்பா பழம் வெட்டுகிறவர். முப்பத்தொரு வருடம் ஆகிறது. காலையில் பெரட்டு முடிந்து ஏழு மணிக்கெல்லாம் நிரைக்குள் போய்விடுவார். நீண்ட அலுமினியக் கம்பின் முனையில் அரிவாள். முப்பதடி உயரத்தில் மட்டைகளுக்கிடையே இருக்கும் குலையை அண்ணாந்து பார்த்து, வெட்டலாமா விடலாமா என்று முடிவு செய்யவேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் இருக்கிற செம்பனை வகையில் காய் கறுப்பாக, ஊதா கலந்த கறுப்பாக இருக்கும். பழுக்கப் பழுக்கச் சிவந்து, பிறகு ஆரஞ்சுக்கு வரும். காய்க்கும் பழத்துக்கும் நடுவே இருப்பது செங்காய். காயை வெட்டிப் போட்டால் எண்ணெய் கிடைக்காது. பிளாட்பாரத்தில் கிராணி எண்ணும்போது காய்க்குலை இருந்தால் கூலியில் பிடித்தம். பழுத்ததை விட்டுவிட்டால் அடுத்த சுற்று வருவதற்குள் உதிர்ந்து கிடக்கும். அதற்கும் பேச்சு வாங்கவேண்டும்.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆலையில் பார்க்கும்போது குலையில் குறைந்தது பத்துப் பழங்கள் உதிர்ந்த பள்ளம் இருந்தால் அது பழுத்த குலை. நல்ல கணக்குதான். ஆனால் அது வெட்டிக் கீழே போட்ட குலைக்கான கணக்கு. மரத்தில் இருக்கிற குலையில் பள்ளத்தை யார் எண்ண முடியும்? கீழே விழுந்து கிடக்கும் உதிரியைப் பார்க்கலாம். புல் அடர்ந்திருந்தால் அதுவும் தெரியாது. அப்போது நிறம் ஒன்றுதான் துணை. புதிதாக வரும் வங்காளதேசத் தொழிலாளிகளுக்கு மண்டோர் அப்பாவைத்தான் கைகாட்டுவார். அப்பா அவர்களை மரத்தடியில் நிறுத்தி, தமிழும் மலாயும் கலந்து, "இது பெலும், அது போலே" என்று சொல்லிக்கொடுப்பார். அவர்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள்.

சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பிடித்தம் வரத் தொடங்கியது. முதல் மாதம் எட்டுக் குலை. அடுத்த மாதம் இருபதுக்கு மேல். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சம்பளச்சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மூன்றாம் மாதம் அப்பாவை உதிரி பொறுக்கப் போட்டார்கள். அது கூலி குறைந்த வேலை. பெரும்பாலும் பெண்கள் செய்வது. அப்பாவுக்குக் கூலி குறைந்ததைவிட, தான் கற்றுக்கொடுத்த பையன் வெட்டிப்போட்ட குலைக்குப் பின்னால் குனிந்து பொறுக்குவதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். அதை அவர் சொன்னதில்லை.

இரண்டு கண்ணிலும் புரை என்று மருத்துவர் சொன்னார். புரை விழுந்தால் மங்கும் என்று மட்டும்தான் நாம் நினைக்கிறோம். அது நிறத்தையும் மாற்றும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுப்பேறிப்போவதால், நீலமும் ஊதாவும் உள்ளே போகாமல் வடிகட்டப்பட்டுவிடும். பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனேக்கு இதே தொல்லைதான். கடைசிக் காலத்தில் அவர் படங்கள் சிவப்பும் பழுப்புமாக மாறின. 1923இல் வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்த பிறகு நீலம் திரும்ப வந்தது. ஊதாக் கறுப்பா, சிவப்பேறிய கறுப்பா என்று பார்த்து வயிறு கழுவுகிற மனிதருக்கு இந்த வடிகட்டி என்ன செய்யும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் எனக்குத் திட்டப்பணிக்குத் தலைப்பு கொடுக்கவேண்டி வந்தது. மலிவான கேமராவை வைத்து செம்பனைக் குலையின் பக்குவத்தைக் காட்டும் ஒரு கைக்கருவி என்று எழுதிக் கொடுத்தேன். முப்பது ரிங்கிட் சொச்சத்துக்குக் கிடைக்கும் ஈ.எஸ்.பி. 32 பலகை, அதனோடு ஒரு சிறு கேமரா, 320க்கு 240 படப்புள்ளி கொண்ட ஒரு சின்னத் திரை. மொத்தம் 76,800 படப்புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 230,400 பைட். பலகையில் இருக்கும் நினைவகமே 520 கிலோபைட்தான், அதிலும் பாதிக்கு மேல் வேறு வேலைகளுக்குப் போய்விடும். அதனால் கேமராவும் திரையும் வழக்கமாகப் பேசிக்கொள்வது 565 மொழியில்தான். புள்ளிக்கு இரண்டு பைட், 153,600 பைட்.

இந்த இரண்டு பைட்டுக்குள் செங்காய் அடங்குமா? அதைத்தான் முதலில் பார்த்தேன். காலை ஏழரை மணிக்கு, நிழலில் இருந்த இரண்டு குலைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ஒன்று சுத்தமான காய். இன்னொன்று சிவக்கத் தொடங்கியது. முதலாவதில் ஒரு புள்ளி: சிவப்பு 40, பச்சை 18, நீலம் 30. இரண்டாவதில் ஒரு புள்ளி: சிவப்பு 47, பச்சை 17, நீலம் 28. சிவப்பு 40இலிருந்து 47 ஆவது சிறிய மாற்றமில்லை. ஆறில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. 565க்கு மாற்றும்போது சிவப்பையும் நீலத்தையும் எட்டால் வகுத்து மீதியைத் தூக்கி எறிவோம், பச்சையை நான்கால். 40ஐ எட்டால் வகுத்தால் 5. 47ஐ வகுத்தாலும் 5. பச்சை இரண்டிலும் 4. நீலம் இரண்டிலும் 3. மூன்றையும் சேர்த்தால் இரண்டு குலைக்கும் ஒரே எண், 10,371. அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய நிரல் எழுதினாலும் அந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. எறிந்த மீதியில்தான் அந்தச் சிவப்பு இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிவப்பு 47இலிருந்து 48க்குப் போனால் மாற்றம் ஒன்றே ஒன்று. ஆனால் எட்டால் வகுத்தால் 5 என்பது 6 ஆகிவிடும். திரையில் பார்த்தால் எட்டுப் படி தாவியதுபோல் ஒரு விளிம்பு தெரியும். இருக்கிற வேறுபாட்டை மறைப்பதும் இல்லாத விளிம்பைக் காட்டுவதும் ஒரே கணக்குதான். கம்போங் குவாந்தானில் இரவில் படகில் போய் மின்மினிகளைப் படம் எடுத்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். பெரெம்பாங் மரத்தின் பின்னால் இருக்கும் கருவானம் படத்தில் மழமழவென்று இருக்காது. படிக்கட்டுபோல் பட்டை பட்டையாக இருக்கும். புள்ளிக்கு 24 பிட் கொடுத்தும் இருட்டில் இந்தக் கதி. மின்மினியின் ஒளி மஞ்சள் கலந்த பச்சை. பச்சைக்கு ஆறு பிட் கொடுத்த புண்ணியவான்கள் அதை ஓரளவு காப்பாற்றிவிடுவார்கள். செம்பனைக் காய்க்குத்தான் நாதியில்லை.

பட்டை தெரியாமல் செய்ய ஒரு பழைய தந்திரம் உண்டு. 1976இல் ராபர்ட் ஃபிளாய்டும் லூயிஸ் ஸ்டெயின்பெர்க்கும் வெளியிட்டது. ஒரு புள்ளியில் தூக்கி எறியும் மீதியைப் பதினாறு பங்காக்கி, வலப்பக்கப் புள்ளிக்கு 7, கீழே இருக்கும் மூன்றுக்கு 3, 5, 1 என்று பகிர்ந்துவிடுவது. நாளிதழ்ப் படத்தை உற்றுப் பார்த்தால் புள்ளிகளாகத் தெரியும் அல்லவா? பாட்டி வீட்டு லயத்துச் சுவரில் ஒட்டியிருந்த தமிழ் நேசன் தாள்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். எட்ட நின்றால் முகம், கிட்ட வந்தால் புள்ளி. பார்ப்பதற்கு அது அழகான வழி. எனக்கு உதவவில்லை. கண்ணை ஏமாற்ற அது போதும். ஒரு புள்ளியைக் காட்டி இது காயா செங்காயா என்று கேட்டால், அங்கே பக்கத்துப் புள்ளியின் மீதியும் கலந்து கிடக்கும்.

வழி கிடைத்தது இரண்டு இடங்களில். முதலாவது கேமராவிலேயே இருந்தது. அதே 16 பிட்டை அது வேறு விதமாகவும் அனுப்பும். ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்துக்கு முழு 8 பிட். நிறத்துக்கான இரண்டு எண்களும் தலா 8 பிட். ஆனால் அவற்றைப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் பகிர்ந்துகொள்ளும். குலையில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் நிறம் பெரிதாக மாறப்போவதில்லை, ஆகவே நட்டம் குறைவு. இந்த முறையில் என் இரண்டு குலைகளின் சிவப்பு வேறுபாட்டு எண் 10, 14 என்று தனித்தனியாக நின்றது.

இரண்டாவது வழி நான் பிறப்பதற்கு முன்பே இருந்தது. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. அட்டையில் 320க்கு 200 புள்ளி கொண்ட ஒரு முறை உண்டு. புள்ளிக்கு ஒரே ஒரு பைட், எனவே திரையில் ஒரே நேரத்தில் 256 நிறம்தான். ஆனால் அந்த 256ஐயும் 262,144 நிறங்களிலிருந்து நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முழுத் திரையும் 64,000 பைட்டில் அடங்கிவிடும். அந்தக் காலத்துக் கணினி விளையாட்டுகள் பல இந்த முறையில்தான் எழுதப்பட்டன. என்னிடம் இருந்த சின்னத் திரையின் கையேட்டைப் புரட்டினால், அதுவும் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தலா 6 பிட் வாங்கிக்கொள்ளும் என்று போட்டிருந்தது. மொத்தம் 262,144. அதே எண்! 1987இன் தந்திரத்தை அப்படியே இறக்கினேன். 256 நிறங்களில் 192ஐக் குலைக்கே கொடுத்தேன்: காயிலிருந்து பழம் வரை 48 படிகள், அதையே நிழல், மேகமூட்டம், இளவெயில், கடும்வெயில் என்று நான்கு வெளிச்சத்துக்கு. மீதி 64இல் மட்டை, மண், வானம், புல் எல்லாம் ஒண்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். படம் பார்க்க அசிங்கமாக இருந்தது. வானம் தகரக் கூரைபோல் தட்டையாக, மட்டைகள் பொம்மைபோல். நடுவே குலை மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த 48 படிகளை எப்படிப் பெயரிடுவது? புத்தகத்தில் பழுக்காதது, குறைப்பழுப்பு, பழுத்தது என்று மூன்றுதான். அப்பாவைக் கேட்பது என்று முடிவு செய்தேன். அதற்குள் அவருக்கு வலக்கண்ணில் அறுவை முடிந்திருந்தது. பழுப்பேறிய வில்லையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்திருந்தார்கள். கட்டைப் பிரித்த அன்று அப்பா சொன்ன முதல் வார்த்தை, "என்னா, சுவரெல்லாம் ஊதாவா இருக்கு?" என்பது. எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை. இடக்கண்ணுக்கு இன்னும் நாள் வரவில்லை. ஆக, ஒரு கண்ணில் பழைய வில்லை, ஒரு கண்ணில் புதிய வில்லை. இப்படி ஒரு வாய்ப்பு எந்த ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும்?

திரையை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். மலிவான திரை, சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும். வெளிச்சமும் உள்ளே போகக்கூடாது. இடப்பாதியில் ஒரு நிறம் நிலையாக நிற்கும். வலப்பாதி ஒவ்வொரு படியாக நகரும். வேறு நிறம் என்று தெரிந்ததும் அப்பா நிறுத்தச் சொல்லவேண்டும். அங்கே ஒரு கோடு. பிறகு அந்த நிறத்திலிருந்து மறுபடி தொடக்கம். முதலில் வலக்கண், பிறகு அதை மூடிக்கொண்டு இடக்கண்.

வலக்கண்ணில் 48 படிக்கு 19 கோடுகள். இடக்கண்ணில் 12. பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? கோடுகள் எங்கே விழுந்தன என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஆரஞ்சுப் பக்கம் இரண்டு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு. கறுப்புப் பக்கத்து முதல் 12 படிகளில், வலக்கண்ணுக்கு 6 கோடு. இடக்கண்ணுக்கு ஒன்றே ஒன்று. இரண்டு கண்ணும் இடக்கண்போல இருந்த காலத்தில்தான் அந்த மனிதரின் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள்.

இதே 12 படிகளை 565இல் போட்டுப் பார்த்தேன். சிவப்பு நான்கு நான்காக ஏறும் படிகள் அவை. எட்டால் வகுத்ததும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு 6 நிறமாகிவிட்டன. ஆறு கோடு என்றால் ஏழு பிரிவு. அப்பாவின் வலக்கண் ஏழு நிறம் பார்க்கும் இடத்தில் அந்த முறைக்கு ஆறுதான். இடக்கண்ணுக்கு இரண்டு. அதாவது 565 அப்பாவின் இடக்கண்ணைவிட நல்லது, வலக்கண்ணைவிட ஒரு படி மோசம். அறிக்கையில் இதை ஓர் அட்டவணையாகப் போட்டேன். ஒரே ஒருவரை வைத்துச் செய்த சோதனை எப்படி ஆய்வாகும் என்று விரிவுரையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டத்தில் இன்னும் ஆறு பேரிடம் செய்யப்போகிறேன்.

பெயர் வைக்கும்போதுதான் அப்பாவுக்கு உற்சாகம் வந்தது. அதுவரை பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, மகள் படிப்புக்காகச் சகித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது பிரிவைக் காட்டி, "இதுதான் செங்காயா அப்பா?" என்றேன்.

"சேச்சே. இது காய்தான் பாப்பா. தொரைக்குப் பழம் மாதிரி தெரியும், அவ்வளவுதான். அடுத்த சுத்துக்கு நிக்கணும்."

"அப்போ இது?"

"இது மழைக்காய். மழை பெஞ்ச மறுநாளு எல்லாக் காயும் இப்படித்தான் மினுக்கும். நம்பி வெட்டுனா போச்சு."

மழைக்காய் என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. அப்பாவும் அவரோடு வெட்டுகிற இரண்டு மூன்று பேரும் மட்டும் சொல்கிற சொல்லாக இருக்கலாம். முதல் ஏழு பிரிவில் மூன்றுக்கு அப்பாவிடம் பெயர் இருந்தது. மீதி நான்கை, "இதுக்கெல்லாம் பேரா வைப்பாங்க? பாத்தா தெரியும்" என்று விட்டுவிட்டார். என் நிரலில் அந்த நான்கும் இப்போதைக்கு வெறும் எண்களாகத்தான் இருக்கின்றன.

அறிக்கை ஆங்கிலத்தில். கருவி மலாயில் பேசும், தோட்டத்தில் எல்லோருக்கும் புரியவேண்டுமே. நிரலுக்குள் குறிப்பெழுதும் இடத்தில் மட்டும் காய், மழைக்காய், செங்காய் என்று தமிழிலேயே போட்டிருக்கிறேன். கணினி அந்த வரிகளைப் படிக்காது.

புதிய கண்ணோடு அப்பா மறுபடி கம்பைத் தூக்கிவிட்டார். சென்ற மாதம் பிடித்தம் நான்கு குலை. அதில் இரண்டு மழைநாளில் வந்தவை என்று சாதிக்கிறார். என் கருவியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக அவருக்கு விருப்பமில்லை. அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் கையில் இன்னொன்றை யார் பிடிப்பது என்கிறார். வங்காளதேசத்துப் பையன் மட்டும் ஒருநாள் வாங்கிப் பார்த்துவிட்டு, வானம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டான்.

இடக்கண்ணுக்கு மருத்துவமனையில் நாள் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் இன்னொரு முறை பெட்டிக்குள் பார்க்கச் சொல்லவேண்டும். அந்த 12 படிகளையும் அறுவைக்குப் பின் அளந்தால்தான் அட்டவணையில் காலியாக இருக்கும் கடைசிப் பத்தியை நிரப்ப முடியும்.